ஆறும் மலர்ந்தால் துறைமுகம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் என் செல்வங்களே, நட்சத்திரங்களுக்கு நடுவே பாய் விரித்துப் போகிறது ஒரு தோணி, முன்னால் என்ன இருக்கிறதென்று அதை ஓட்டுகிறவளுக்கும் தெரியாது, வரைபடம் போட்ட எனக்கும் தெரியாது, அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன், தூத்துக்குடியில் டயாலிசிஸ் வார்டு, வாரம் மூன்று நாள் நானும் செபஸ்தியம்மாளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறோம், ஆளுக்கொரு கையில் ஊசி, மிச்சமிருக்கிற கையை என்ன செய்வது, கட்டம் போட்ட நோட்டை விரித்தேன், ஒவ்வொரு கட்டமும் வானத்தில் ஒரு காதம், தோணி நுழையும்போதுதான் அங்கே என்ன இருக்கிறதென்று முடிவாகும், ஆறு சோழியை மருந்துத் தட்டில் உருட்டினால் எத்தனை வாய் மேலாக மலர்கிறதோ அதுதான் விதி, ஒன்றும் மலராவிட்டால் வெறும் இருட்டு, ஒன்று நெருப்பு மழை, இரண்டு பேசும் நிலா, மூன்று துறைமுகம், நான்கு உப்பு அரக்கர் நாடு, ஐந்து புயல், ஆறு பொன்மலை, அவள் வீட்டுக்காரர் தோணி ஓட்டியவர், அதனால் கேட்டாள், ஏளா, ஆகாசத்துல காத்து ஏது, பாய் எதுக்கு, நான் சொன்னேன், கதையில அடிக்கிற காத்து இழுக்கும், சும்மா ஏறு.

அன்று அவளுக்கு ஊசி இரண்டு முறை தவறியது, கை முழுக்கக் கருநீலம், கூரையைப் பார்த்தபடியே சொன்னாள், இந்தத் தோணி துறை சேருத மட்டும் வாரேன்ளா, பொறவு என்னைக் கூப்புடாத, மவன்கிட்டயும் சொல்லிட்டேன், வராமலிருந்தால் பத்து நாள் தாங்காதென்று இருவருக்கும் தெரியும், நான் ரப்பரை எடுத்தேன், மூன்று அடிக்கடி விழும், ஆறும் ஒருசேர மலர்வது அபூர்வம், துறைமுகத்தை ஆறுக்கும் பொன்மலையை மூன்றுக்கும் மாற்றினேன், என்னளா அழிக்க, ஒண்ணுமில்ல, தப்பாப் போட்டுட்டேன், மூணுல துறைமுகம்னா ஆட்டம் சப்புன்னு போயிரும், அவள் என்னையே வெகுநேரம் பார்த்தாள், பிறகு சோழியை அள்ளினாள்.

ஐப்பசி மழையில் வருகிறாள், தவக்காலத்தில் வருகிறாள், நிலாக்களோடு சண்டை, அரக்கர்களோடு பேரம், நோட்டில் வானம் பக்கம் பக்கமாக வளர்கிறது, ஒவ்வொரு முறை சோழி உருளும்போதும் மலர்ந்ததை எண்ணுகிறேன், கனவிலும் எண்ணுகிறேன், இரண்டு, நான்கு, மூன்று, அப்பாடா, இன்னும் ஒரு நாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஐந்து மலர்ந்துவிட்டன, ஆறாவது தன்னையே சுற்றிக்கொண்டிருக்கிறது, நின்றது, மலர்ந்தது, மெஷின் பார்க்க வந்த சிஸ்டர் ஜெபக்கனி கை தட்டினாள், ஐ, ஆறு, பாட்டி தோணி கரையேறிட்டு.

செபஸ்தியம்மாள் தட்டையே பார்த்தாள், அவள் உதடு அசைந்தது, ஜெபமோ என்னவோ, பிறகு ஊசியில்லாத கையின் ஒற்றை விரலை நீட்டி ஒரு சோழியை மெல்லக் கவிழ்த்தாள், அஞ்சு என்றாள், நல்லாப் பாரு சிஸ்டர், கண்ணாடி போடுற வயசா உனக்கு, அஞ்சுதான், பிறகு என் பக்கம் திரும்பினாள், நீ அன்னைக்கு மாத்தி எழுதுனது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியோ, சின்னப்புள்ளையில இருந்து சோழி உருட்டுதவ நான், அழாத, புயல் வருது, பாயை எறக்கு, வியாழக்கிழமை நேரத்தோட வந்துரு.

வந்தாள், அதன்பின் ஒரு வருஷமும் நான்கு மாதமும் வந்தாள், உங்கள் வீட்டில் படுத்தவர்கள் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்கட்டும், போனவர்கள் விளக்கு வைப்பதற்குள் திரும்பி வரட்டும், உங்கள் வாசலில் என்றைக்கும் செருப்புகள் நிறைந்து கிடக்கட்டும்.