கழுத்து நரம்புக்கு அழைப்பு

முறைப்படி நேரில் அழைக்காவிட்டால் எந்த நரம்பும் விருந்துக்கு வராது. தாமிரபரணிக் கரை மருத்துவமனை ஒன்றின் மூன்றாம் வார்டில் அனைவரும் இதை அறிவர். உண்டது உடம்பில் ஒட்டாதவர்களுக்கு அங்கே உணவு பையில் தொங்கும். நரம்பு மனம் வைத்தால்தான் உள்ளே இறங்கும். ஆகவே உறவினர் தாம்பூலத் தட்டோடு கட்டிலருகே வந்து நரம்பை அழைப்பார்கள்.

அங்கே கட்டிலில் கிடந்த ஆவுடையப்பனுக்கு அன்றைக்கே உணவு இறங்கியாக வேண்டும். தவறினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைக்கு மேல் பால்வெள்ளைப் பை தொங்கியது.

அந்த நேரம் பார்த்து மைத்துனன் சங்கரலிங்கம், கைக்கு வாகாக இருந்ததென்று முழங்கை நரம்பை முதலில் அழைத்துவிட்டான். அது புடைத்துக்கொண்டு வந்து நின்றது. மூத்தவரான கழுத்துப் பெருநரம்பு கோபித்துக்கொண்டு சரேலென உள்ளே போய்விட்டது.

"சின்னவனைக் கூப்பிட்டாச்சுல்லா? அவனையே சாப்பிடச் சொல்லுங்க" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தது.

"எனக்கு நீர்மோருக்கு மேல தாங்காது, அண்ணாச்சி. இவ்வளவு கெட்டியா வந்தா வெந்து போவேன்" என்று முழங்கை நரம்பு கெஞ்சியது.

"மூத்தவரை விட்டுட்டு இளையவரை அழைப்பியால?" என்று மனைவி பகவதி தன் தம்பியின் தலையில் குட்டினாள்.

"சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க. பெரியவரைச் சமாதானம் பண்ணுங்க" என்றாள் ஊசியோடு காத்திருந்த நர்ஸ் ஜெசிந்தா.

ஆவுடையப்பன் தலை தாழ்த்திக் கும்பிட்டார். காரியம் இன்னும் கெட்டது; அவர் குனிந்தபோது கழுத்தும் அல்லவா குனிந்தது!

"அழைக்காத வீட்டுல என்னையே கும்பிட வச்சிட்டீரே, வே!" என்று பெருநரம்பு சீறியது.

பகவதி யோசித்தாள். "குடும்பத்தோட போய் அழைக்கணும். கால்மாட்டைத் தூக்குல!"

இருவரும் கட்டிலின் கால்மாட்டை உயர்த்தினார்கள். பாதம், கெண்டைக்கால், தொடை என்று நரம்புக் கூட்டம் மொத்தமும் திமுதிமுவென்று கழுத்து வாசலுக்கு இறங்கி வந்தது. சங்கரலிங்கம் தட்டை நீட்டினான்.

"பெரியவரே, நீங்கதான் முதல் பந்தியில உக்காரணும்."

"அப்படிக் கேளு" என்று பெருநரம்பு பெருமையில் புடைத்தது. ஜெசிந்தாவின் ஊசி அந்தக் கணமே ஏறியது.

முதல் சொட்டு இறங்கியது. "இறங்குது! இறங்குது!" என்று வார்டே எழுந்து நின்றது. ஆவுடையப்பனின் உள்ளங்கைகளில் சூடு பரவியது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

கடைசிச் சொட்டும் இறங்கியபோது, வாசலில் நின்ற டாக்டர், அந்த விருந்தைத் தானே உண்டவர் போல நீண்டதோர் ஏப்பம் விட்டு, இடுப்பு வாரைத் தளர்த்திக்கொண்டார்.

"போதும்மா, நிறைஞ்சிட்டு" என்றார்.

பகவதி அவருக்குக் கை கழுவத் தண்ணீர் கொண்டு வந்தாள்.