கல்லறைக்குக் கேமரா வந்தால்

திங்கட்கிழமை கொத்தனார் வந்து கல்லறைத் தோட்டத்தின் பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவார் என்று கமிட்டிச் செயலாளர் பர்னபாஸ் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் தெரு அந்தப் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. முனிசிபல் குழாய் எதிர்ப்பக்கம், முன்வாசலுக்கு வெளியே. குருசுகளுக்கு நடுவே நடந்தால் கூப்பிடு தூரம். அடைத்துவிட்டால், புதுத் துறைமுகம் வந்த பிறகு லாரி ஓயாத உப்பளத்து ரோட்டைச் சுற்றிக் குடம் சுமக்க வேண்டும்.

"அந்த வாசல யாரு பொழங்குதா? ஒங்க தெருக்காரங்க யாரு உள்ள கெடக்கா? ஒரு கல்லு உண்டா, ஒரு பேரு உண்டா?" என்றார்.

"தண்ணிக்கு நாங்கதான் பொழங்குதோம். கல்லு வைக்க வக்கில்லன்னா நாங்க சாகவே இல்லன்னு அர்த்தமா?" என்றேன்.

பக்கத்தில் இருந்த பங்குச் சாமியார் ஊருக்குப் புதியவர். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கமிட்டி கூடுது. ஆதாரம் இருந்தா கொண்டு வாம்மா" என்றார். நான் பி.ஏ. என்பதால் அந்த 'வாம்மா'. எங்கம்மை கேட்டிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் எஸ்றாவிடம் பெட்டிக் கேமரா இரவல் வாங்கினேன். "வெயில் ஒனக்கு முதுகுல அடிக்கணும், கை ஆடக் கூடாது" என்றான். பாடம் அவ்வளவுதான். வாசல் புழக்கத்தில் இருக்கிறது என்று காட்ட, பெண்கள் குடத்தோடு பின்வாசலில் வருவதை எடுக்க வேண்டும். யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் சீலை மாற்றப் போய்விடுவார்கள்.

மறுநாள் காலையில் சுவரில் ஏறி முதலில் தெருவை எடுத்தேன். ஓலைக் கூரைகள், காயும் வலை, குருசுக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். பிறந்ததிலிருந்து பார்த்த தெரு கேமராக் கண்ணாடியில் சின்னச் சதுரமாக என் கைக்குள் இருந்தது.

இறங்கி வாசலுக்கு நேரே நின்றேன். முதலில் வந்த அந்தோணியம்மாள் மதினி கேமராவைப் பார்த்தாள். குடத்தைப் போட்டாள். முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு, "ஏளா, யாரு போனது?" என்று கத்தியபடி தெருவுக்கு ஓடினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் கல்லறைக்குக் கேமரா வர ஒரே காரணம்தான் உண்டு: செத்தவரைப் பெட்டியில் கிடத்தி, சுற்றி நின்று கடைசிப் படம் எடுப்பது. தெருவே திரண்டு வந்தது. மகன் ரோச் கடலில் போய்விட்டான் என்று மரியசெல்விச் சித்தி ஒப்பாரியைத் தொடங்கியே விட்டாள். ரோச் அவளுக்குப் பின்னால் வேப்பங்குச்சியை மென்றுகொண்டு, "யம்மா, நா இங்கன நிக்கேன்" என்றான்.

"நீ பேசாம இருலே" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு அடி பாடி முடித்தாள்.

"யாரும் சாகல. தண்ணி எடுக்கத படம் பிடிக்கேன். குடத்தத் தூக்குங்க" என்று கத்தினேன்.

மதினி முகத்தைத் துடைத்தாள். "குடம் என்னத்துக்கு? எங்க வீட்டுக்காரரு போனன்னைக்குப் போட்டோக்காரனக் கூப்பிட வழியில்ல. இப்ப எடு" என்று, சுற்றிலும் சங்கு பதித்த ஒரு மண்மேட்டின் தலைமாட்டில் போய் நின்றாள். அவர் கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவர்.

"மதினி, ரீலு வீணாப் போவுது."

"பி.ஏ. படிச்சவளுக்கு எம் புருசன் வீணாப் போயிட்டாரா? எடுளா."

எடுத்தேன். அப்புறம் தெரு நிற்கவில்லை. சீலை மாற்றி, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, வாசலில் முட்டி மோதி வந்தார்கள். சவப்பெட்டியைச் சுற்றி நிற்பதைப் போலவே ஒவ்வொரு குடும்பமும் தன் மேட்டைச் சுற்றி நின்றது. "தாத்தாவ மறைக்காதலே" என்று சித்தி ரோச்சைத் தள்ளி நிறுத்தினாள். குடத்தோடு ஒரு படம்கூட இல்லாமல் ரீல் தீர்ந்தது. எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது.

இருட்டறையில் எஸ்றா தாளைத் தட்டில் ஆட்ட ஆட்ட, முகங்கள் மேலே வந்தன. முகத்துக்குக் கீழே மேடு. மேட்டுக்குப் பின்னால் திறந்து கிடந்த வாசல். வாசலுக்கு அந்தப்பக்கம் அவர்கள் வீடு. எஸ்றாவின் தோளில் ஓங்கி அறைந்தேன். "யாரு உள்ள கெடக்கான்னு கேட்டாருல்லா? இந்தா, பாக்கட்டும்."

"தட்டு கவுந்துரும்ளா" என்றான். அவனும் சிரித்தான்.

கமிட்டி மேசையில் படங்களைப் பரப்பினேன். "இவரு சங்கு குளிக்கப் போயி செத்தவரு. இவரு தோணியில மூட்டை ஏத்தயில விழுந்தவரு. இவ பேறுகாலத்துல போனவ. இவங்களப் பாக்க எங்க சனம் எந்த வாசல்ல வரணும்? சொல்லுங்க."

"இதுல தண்ணிக் குடத்தையே காணோம்" என்றார் பர்னபாஸ்.

"குடத்தோட வந்தா அடைப்பீங்க. செத்தவங்களத் தேடி வந்தாலும் அடைப்பீங்களோ?"

சாமியார் ஒவ்வொரு படமாகக் கையில் எடுத்துப் பார்த்தார். "கொத்தனாருக்கு வேற வேலை குடுங்க. வாசல் அப்படியே இருக்கட்டும்" என்றார்.

தெருவுக்குச் சொல்ல ஓடினேன். பர்னபாஸ் பின்னாலேயே வந்து தொண்டையைச் செருமினார். "எங்கம்மைக்கும் கடைசிப் படம் கெடையாது. கல்லறைகிட்ட நின்னு ஒண்ணு..."

"எடுக்கலாம் அண்ணாச்சி" என்றேன். "பின்வாசல் வழியா வாங்க."