கட்டாத மாடியின் நிழல்

வீட்டில் இரண்டாம் மாடி எழுப்ப அனுமதி கேட்டு டிரைவிங் டீச்சர் நகராட்சியில் விண்ணப்பம் கொடுத்தது ஒரு புதன்கிழமை. மறுநாள் காலை எட்டரை மணிக்கு அந்த மாடியின் நிழல் எதிர்வீட்டுச் சுவரில் விழுந்தது. மாடி இன்னும் கட்டப்படவில்லை. ஒரு செங்கல்கூட வந்து இறங்கவில்லை. நிழல் மட்டும் கைப்பிடிச் சுவர், ஜன்னல், தண்ணீர்த் தொட்டி சகிதமாக, விண்ணப்பத்தோடு இணைத்த வரைபடத்தின் அளவுக்கு அங்குலம் பிசகாமல் வந்து நின்றது. நகராட்சியில் கொடுத்த எந்தக் காகிதத்துக்கும் இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைத்ததில்லை என்பதுதான் தெருக்காரர்களுக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

எதிர்வீட்டில் இருந்தவர் பல்செட் செய்பவர். முன்னறைதான் அவருக்குப் பட்டறை. கிழக்கு பார்த்த பெரிய ஜன்னல், அதையொட்டி மேஜை, மேஜைமேல் பதினாறு மாதிரிப் பற்களை வரிசையாகப் பதித்த ஒரு நிற அட்டை. வருகிறவரின் முகத்துக்கு எந்த வெள்ளை பொருந்தும் என்று அதை வைத்துத்தான் பார்ப்பார். வெள்ளையில் பதினாறு வெள்ளை உண்டு, அதைப் பிரித்துக் காட்டக் காலை வெயிலால் மட்டுமே முடியும், டியூப்லைட் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. நிழல் விழுந்த முதல் வாரத்திலேயே ஒரு நீதிமன்ற எழுத்தருக்குச் சாம்பல் நிறப் பல்லும் ஒரு தலைமை ஆசிரியைக்கு லேசான நீலப் பல்லும் போய்ச் சேர்ந்தன. தலைமை ஆசிரியை சிரிப்பதையே நிறுத்திவிட்டார். பள்ளியில் ஒழுங்கு கூடிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். ஆனால் அடுத்த வாரம் வரவேண்டிய ஆறு பேரில் நாலு பேர் வரவில்லை. பல்செட்காரர் உட்கார்ந்து ஆட்சேபணை மனு எழுதினார்.

டிரைவிங் டீச்சருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. கணவர் இறந்த பிறகு, இரண்டு பிரேக் வைத்த ஒரு வெள்ளைக் காரோடு தனியாளாகப் பயிற்சிப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடமாக அவர் பல்செட்காரரைத் தம்பி என்றும், இவர் அவரை அக்கா என்றும் கூப்பிட்டு வந்தார்கள். பல்செட்காரரின் மனைவிக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது டீச்சர். டீச்சரின் வாயில் மேலும் கீழுமாக இருந்த இருபத்தெட்டுப் பல்லும் பல்செட்காரரின் கைவேலை. மனுவின் நகல் டீச்சருக்கு வந்தபோது, அதில் தன்னை ‘எதிர்மனுதாரர்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தார். நேராகத் தெருவைக் கடந்து போய், பட்டறை மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளரில் பல்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏதோ சொன்னார். பல் இல்லாத வாயிலிருந்து வந்ததால் அங்கே காத்திருந்த இரண்டு பேருக்கு ஒன்றும் புரியவில்லை. பல்செட்காரரின் காது மட்டும் சிவந்தது.

கட்டட விண்ணப்பங்களுக்கு வரும் ஆட்சேபணைகள் மூன்று பீரோக்களை நிறைத்துவிட்டதால், நகராட்சி அதற்கு முந்தைய வருடம்தான் ஒரு சமரச அறை திறந்திருந்தது. பிறப்புச் சான்றிதழ் கவுன்டருக்குப் பக்கத்தில் ஒரு வட்ட மேஜை, நாலு நாற்காலி, ஒரு பென்சில், ஒரு பெரிய அழி ரப்பர். சமரச அலுவலராக நியமிக்கப்பட்ட அம்மாள் அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் பேருந்து நிலையத்தில் தொலைந்த பெட்டிகள் பிரிவில் இருந்தவர். தொலைத்தவர்கள் பெட்டியின் நிறத்தை எப்போதும் தப்பாகத்தான் சொல்வார்கள், உள்ளே என்ன வைத்திருந்தார்கள் என்று கேட்டால்தான் உண்மை வரும் என்பது அங்கே அவர் கற்றது. அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது.

சமரசத்துக்குக் குறித்த நாளில் டீச்சர் பல் இல்லாமலே வந்தார். தன் விண்ணப்பக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் ஆவேசமாகப் பேசினார். காற்றாக வந்தது. “ஹெரு அகலம் இருவஹு அடி” என்கிற மாதிரி ஒன்று கேட்டது. சமரச அம்மாள் பென்சிலைக் கீழே வைத்தார்.

“எனக்கு ஒண்ணுமே விளங்கலையே. எழுதிக் காட்டுறீங்களா?”

டீச்சர் மாட்டேன் என்று தலையாட்டினார். பல்செட்காரரால் பொறுக்க முடியவில்லை. முப்பது வருடமாகப் பல் இல்லாதவர்களோடே பேசிப் பழகிய காது அது.

“தெரு அகலம் இருபது அடிங்கிறாங்க. சட்டப்படி ரெண்டாம் மாடி கட்டலாம். மனுவுல நான் பதினெட்டுன்னு எழுதினது தப்பாம்.”

“தப்பா?”

“தப்புதான்,” என்றார் பல்செட்காரர், தன் வாயாலேயே.

சமரச அம்மாளின் கண்ணில் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது. எழுத்தில் கேட்கலாம், ஒரு வாரம் தள்ளிப் போடலாம். இரண்டையும் செய்யாமல், “அப்ப நீங்களே சொல்லுங்க சார். அவங்க என்ன சொன்னாலும் கூட்டாம குறைக்காம அப்படியே சொல்லணும்,” என்றார்.

இப்படியாக, தன்னை எதிர்த்து நடந்த வாதத்தை ஒன்றேகால் மணி நேரம் பல்செட்காரரே முன்னின்று நடத்தினார். தொடக்கத்தில் முணுமுணுப்பாகச் சொன்னார். தன்னைச் சுயநலக்காரன், நன்றி கெட்டவன் என்று டீச்சர் சொன்ன இடங்களையும் விடாமல் சொன்னார். ஓர் இடத்தில் டீச்சர் மறந்துபோன விதி எண்ணை இவரே எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் குரல் ஏறியது, மேஜையைக்கூட ஒரு தட்டுத் தட்டினார். மாடி எதற்கு என்று சமரச அம்மாள் கேட்டபோது டீச்சர் கோப்பை மூடி வைத்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். பல்செட்காரரும் தணிந்த குரலில் சொன்னார்.

“என் பொண்ணு வர்றா. அஞ்சு வருஷமாச்சு. ஊருக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கிக் குடுத்த நான், கண்ணாடிய பாக்காம ஓட்டுறான்னு அவள மட்டும் மூணு தடவ டெஸ்டுக்கு அனுப்பல. கோவிச்சுக்கிட்டுப் போனா. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா, நாலு நிமிஷம். இப்ப அவ புருஷனுக்கு இந்தப் பக்கம் வேலை. தனி வாசல், தனி சமையலறை இருந்தா வர்றேங்கிறா. அவளும் அவரும் என் பேத்தியும்…”

பல்செட்காரர் நிறுத்திவிட்டார். டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

“அக்கா, ஒரு பேத்தியா?”

டீச்சர் ஒரு விரலைக் காட்டினார்.

“இல்லையே, ரெண்டு குழந்தைங்க. பெரிசுக்கு ஒரு எட்டு வயசிருக்கும், சின்னதுக்கு நாலு. தினம் காலையில என் சுவத்துல பாக்குறேனே. உங்க பொண்ணு மாடியில துணி காயப்போடுது, ரெண்டும் பக்கத்துல நின்னு குதிக்குதுங்க. மனுவுல எழுதக் கூடாதுன்னுதான் விட்டுட்டேன். அடுத்தவங்க குடும்ப விஷயம்.”

டீச்சர் கைப்பையைத் துழாவிப் போனை எடுத்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. மகள் எடுத்ததும் டீச்சர் பேசினார், அந்தப் பக்கம், “யாரு? ஒண்ணும் புரியல,” என்று குரல் உயர்ந்தது. போன் பல்செட்காரர் கைக்கு மாறியது.

“நான் எதிர்வீட்டு மாமா பேசுறேம்மா. உனக்கு இன்னொரு குழந்தை உண்டான்னு அம்மா கேக்குறாங்க.”

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. “நேத்து சாயங்காலம்தான் டாக்டர் சொன்னாங்க. இன்னும் இவர்கிட்டகூடச் சொல்லல. யாரு சொன்னா உங்களுக்கு?”

“சுவத்துல தெரிஞ்சுது.”

“அம்மா ஏன் பேச மாட்டேங்கிறாங்க? இன்னும் கோவமா?”

“பல்லு என்கிட்ட இருக்கு. அதான்.” பல்செட்காரர் டீச்சரைப் பார்த்தார். “இப்ப அழறாங்க. அதுக்கு நான் தேவையில்ல, நீயே கேட்டுக்கோ.”

போனை டீச்சரின் வாயருகே பிடித்தார். அழைப்பு முப்பத்தாறு நிமிடம் நீடித்தது. சமரச அம்மாள் வெளியே போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தார்.

திரும்பி வந்தபோது பல்செட்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். டம்ளரில் போட்ட நாளிலிருந்து அந்தப் பல்செட்டைக் கழுவி, தேய்ந்திருந்த கடைவாய்ப் பல்லைச் சரி செய்து, கூடவே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். டீச்சர் மாட்டிக்கொண்டு இரண்டு முறை கடித்துப் பார்த்தார். பிறகு, “தம்பி, படிக்கட்டு தெருப் பக்கம்தான் வரும். அதுல பேச்சே இல்ல,” என்றார். பல்லைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்திருக்கலாம் என்று சமரச அம்மாளுக்குத் தோன்றியது. பேரம் அதன்பின் இரண்டு மணி நேரம் ஓடியது.

ஆனால் வேலை சுலபம்தான். வரைபடத்தில் பென்சில் நகர்ந்தால் சுவரில் நிழலும் நகர்ந்தது. மறுநாள் காலை பல்செட்காரரின் மனைவியைப் பட்டறை மேஜையில், வெளிச்சுவரைப் பார்க்க ஒரு கண்ணாடியோடும் நிற அட்டையோடும் உட்கார வைத்து, போனில் கேட்டுக் கேட்டு அழித்து வரைந்தார்கள். முன்சுவரை இரண்டடி பின்னால் தள்ளியபோது, “ஜன்னல்ல பாதி வெயில் வந்திருச்சு,” என்றார் மனைவி. நாலடி தள்ளியதும், “ஏழாம் நம்பர் வெள்ளையும் எட்டாம் நம்பர் வெள்ளையும் தனித்தனியா தெரியுதுங்க,” என்றார். இன்னும் ஓரடி கேட்டுப் பார்க்கலாமா என்று பல்செட்காரர் யோசிக்கையில் மனைவி பதறினார்: “ஐயோ, சின்னது சுவத்தோட ஓரத்துல நிக்குதுங்க. போதும், தள்ளாதீங்க!” அதோடு நின்றது. தண்ணீர்த் தொட்டி பின்பக்கம் போனது. படிக்கட்டு தெருப் பக்கம் வந்தது. அதற்காகப் பல்செட்காரர் தன் ஸ்கூட்டரை முனைக்கடை ஓரமாக நிறுத்த ஒப்புக்கொண்டார். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். தலைமை ஆசிரியைக்கும் எழுத்தருக்கும் அந்த மாதமே புதுப் பல் போனது. தலைமை ஆசிரியை நீலப் பல்லைத் திருப்பித் தரவில்லை. பரீட்சை நாட்களுக்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டார்.

மாடி ஆறு மாதத்தில் எழும்பியது. மேல்தளம் போட்ட அன்று புதிதாக நிழல் எதுவும் விழவில்லை. விழவேண்டியது ஏற்கெனவே விழுந்திருந்தது. கொத்தனார் ஜன்னலைச் சுவரில் தெரிந்ததைவிட ஒரு சாண் அகலமாக வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே இடித்துத் திருப்பிக் கட்டினார். மகள் மாமியார் வீட்டுச் சாமான்கள், கணவர், பெரிய குழந்தை, பெரிய வயிறு எல்லாவற்றோடும் வந்து சேர்ந்தாள். சின்னவன் பிறந்து தொட்டிலில் கிடந்தபோது அவனுடைய நிழல் எதிர்ச்சுவரில் குதித்துக்கொண்டிருந்தது. அவன் நாலு வயது தொட்டு அதைப் பிடிக்கும்வரை வீட்டார் பொறுமையாக இருந்தார்கள். மகள் நான்காம் முறை அம்மாவிடம் கார் ஓட்டக் கற்றாள், கண்ணாடியைப் பார்க்காமலே ஓட்டினாள், டெஸ்டில் தேறினாள். டீச்சர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்தடுத்த வருடங்களில் வேறு தெருக்களிலும் இப்படி நடந்தது. ஒரு தெருமுனையில் இருந்த காலிமனைக்கு ஒருவர் மாவு மில் கேட்டு விண்ணப்பித்த மறுநாளே அங்கே மில் ஓடும் சத்தம் கேட்கத் தொடங்கியது. சமரச அம்மாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பென்சிலோடு போனார். நகராட்சி, கட்டட விண்ணப்பப் படிவத்தைத் திரும்ப அச்சடித்தபோது பதினான்காம் கேள்வியாக ஒரு வரி சேர்த்தது: கட்டடத்தின் நிழல், ஓசை அல்லது குடியிருப்போர் முன்கூட்டியே வந்துவிட்டார்களா? ஆம் என்று எழுதினால் கூடுதலாக ஒரு நகல் இணைக்க வேண்டும், அவ்வளவுதான்.