குவான்லாவின் அம்பு

தெபேயின் தூணியில் இருந்த அம்புகளில் ஒன்று மனைவி சுக்கோ கொடுத்தது. அவள் அண்ணன் செதுக்கித் தந்தது. இன்னொன்று குவான்லா கொடுத்தது. புருஷன் செத்தபின் எதிர்க்குடிசையில் தன் தங்கையோடு இருக்க வந்தவள் குவான்லா. முன்பு தெபேக்கு அவளைத்தான் பேசியிருந்தார்கள். அதைச் சுக்கோவிடம் யாரும் மறைக்கவில்லை.

அன்று மாலை தெபே வெறுங்கையோடு வந்தான். ஒன்றும் அகப்படவில்லை, ஏதோ சின்னதாக ஓடியது என்றான். அப்படிச் சொன்னால் பெரிதாக அடித்திருக்கிறான் என்று அர்த்தம். எந்த அம்பால் என்று கேட்கச் சுக்கோவுக்கு நாக்கு துடித்தது. சாம்பலில் போட்ட கொட்டைகளைக் கருக விட்டாள்.

மறுநாள் ஆண்கள் தடம் பார்த்துப் போனார்கள். அம்பின் நஞ்சு ஏறி விழுந்து கிடந்தது முறுக்குக்கொம்பு மான். இறைச்சியைச் சுமந்து வந்து இறக்கியதும் தெபே அம்பை எடுத்துக் குவான்லாவிடம் நீட்டினான். அம்பு கொடுத்தவருக்கே வேட்டை; இனி மான் அவளுடையது. அவள் கையால்தான் எல்லோருக்கும் பங்கு.

சுக்கோவின் சித்தப்பா கும்ஸா முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "இந்த எலும்பைத் தூக்கவா இவ்ளோ தூரம் நடக்க வச்சே, மாப்ளே?"

"எலும்புகூட இல்ல மாமா, வெறும் தோலு. முயல் அடிச்சிருக்கலாம்," என்றான் தெபே.

வேட்டையைப் பழிப்பதுதான் வழக்கம்; ஆளாளுக்குச் சிரித்துக்கொண்டே மானைத் திட்டினார்கள். குவான்லாவும் தன் பங்குக்கு, இதை வெட்டினால் கத்திதான் மழுங்கும் என்று அலுத்துக்கொண்டே வெட்டினாள். சுக்கோவின் முறை வந்தது. கொழுப்போடு ஒரு துண்டை நீட்டினாள் குவான்லா.

சுக்கோ அதை இரு கையாலும் வாங்கினாள். "எவ்ளோ கொழுப்பு! இப்படி ஒரு மான் இங்க யாரும் அடிச்சதே இல்ல. எம் புருஷன மாதிரி வேட்டைக்காரனும் இல்ல, உன் அம்பு மாதிரி அம்பும் இல்லடி."

சிரிப்பு நின்றது. கத்தி பாதி இறைச்சியில் நின்றது. இறைச்சியைப் புகழ்வது எதிரிக்குக்கூடச் செய்யாத காரியம். கும்ஸா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனதில் வைத்திருந்தது ஊருக்கே தெரிந்துவிட்டது என்று சுக்கோவுக்கு அப்போதுதான் உறைத்தது.

குவான்லா மறுபடி வெட்டத் தொடங்கினாள். "கோணல் அம்புடி. வேற யாரும் வாங்கல, அதான் இவன் தலையில கட்டினேன்," என்றாள், நிமிராமல்.

புகழப்பட்டவன் தலைக்கனம் பிடித்து அலையக் கூடாது. தெபே தூணியைக் கிளையில் மாட்டினான். ஊர் அந்தப் புகழ்ச்சியை மறக்கும்வரை வேட்டைக்குப் போகவில்லை. குடிசை வாசலில் காலை முதல் பொழுது சாயும்வரை உட்கார்ந்து நார் திரித்தான். பத்தடி தள்ளி எதிர்க்குடிசையில் குவான்லா கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். சுக்கோ கிழங்கு தோண்டப் போகாமல் இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள்.