கவிழ்த்த பரிசல்

பாடையைக் கரையில் இறக்கியதும், தூக்கி வந்த நால்வரும் தோளைத் தேய்த்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார்கள். மலையம்மாள் பாடையில் கிடந்த புருஷனைப் பார்த்தாள். பெண்கள் முச்சந்தியோடு நின்றுவிட வேண்டும். அவள் நிற்கவில்லை. திரும்பிப் போகச் சொல்ல யாருக்கும் தெம்பில்லை.

சோழவந்தானுக்குப் பக்கத்துத் துறையில் முப்பது வருஷம் பரிசல் தள்ளியவன் மருது. அவன் ஆற்றோடுதான் போவான் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. அவனோ நேற்று மாட்டுத்தொழுவத்தில் சாணியில் வழுக்கி, பின்மண்டை அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான். விசாரிக்க வந்தவர்களிடம் மலையம்மாள் "வழுக்கிட்டாரு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். எதில் என்று சொல்லவில்லை.

அவர்கள் வகையறாவுக்குச் சுடுகாடு அக்கரையில். மேற்கே மலையில் இரண்டு நாளாக மழை. வைகை சிவந்து, பாறைகளின் மேல் மோதி எழும்பி, ஒரு மரத்தை வேரோடு புரட்டிக்கொண்டு போனது. துறையில் நட்டிருந்த கல்லுக்குக் கழுத்துவரை தண்ணீர்.

மருதுவின் சட்டமே அந்தக் கல்தான். தண்ணீர் அதன் கழுத்தைத் தொட்டால் பரிசலைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, அதில் முதுகைச் சாய்த்து வெற்றிலை போடுவான். கவிழ்த்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. ஒருமுறை வெள்ளைக்காரத் துரை ஒருவர் குதிரைமேல் இருந்தபடி இங்கிலீஷில் வைதார். மருது அவருக்கும் ஒரு வெற்றிலை நீட்டினான்.

"பொழுது சாயுது மதினி," என்றான் மருதுவின் தம்பி பேயாண்டி. "அண்ணனை ராத்தங்க வைக்கப்படாது. பேச்சிமுத்து ஒரே மூச்சுல தள்ளிருவான்."

"நீங்களும் ஏறுறீகளா கொழுந்தனாரே?"

"நானா? எனக்குத் தண்ணியக் கண்டா தலை சுத்தும்ல."

தூக்கி வந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டு, பாடை கண்ணில் பட்டதும் இருமினான்.

மகன் பேச்சிமுத்து அதற்குள் துடுப்போடு பரிசலில் ஒரு காலை வைத்திருந்தான். "நான் போறேன் ஆத்தா."

"கல்லைப் பாரு."

"பாத்தேன். அப்பனைக் கரையிலயே போட்டு வைக்கச் சொல்றியா? செல்லத்தாயி செத்த அன்னைக்கு நீதானே அவருகிட்டக் கேட்ட, கல்லு பெருசா புள்ள பெருசான்னு?"

பேயாண்டி தலை குனிந்துகொண்டான்.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நாலு வயது மகளுக்குக் காய்ச்சல். வைத்தியர் அக்கரையில். தண்ணீர் கல்லின் கழுத்தில். மருது பரிசலைக் கவிழ்த்தான். அன்றைக்கு மட்டும் வெற்றிலை போடவில்லை. அதற்குப் பிறகும் மலையம்மாள் அவனுக்குச் சோறு போட்டாள், காலை அமுக்கிவிட்டாள். அவன் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.

"கேட்டேன்," என்றாள்.

கிட்டப் போய் மகன் கையிலிருந்து துடுப்பை வாங்கினாள்.

"நுரையில சருகு வருது பாரு. இன்னும் ஏறும்."

அது மருதுவின் பேச்சு. பேச்சிமுத்து காலை வெளியே எடுத்தான்.

தூறல் விழுந்தது.

"கவுத்துப் போடு."

"ஆத்தா..."

"மனுசன் நனையிறாருல்ல. அவரு மேல கவுத்துப் போடுடா."

பரிசலைத் தூக்கி வந்து பாடையின் மேல் கவிழ்த்தார்கள். பாதங்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உயிரோடு இருந்தபோதும் எந்தக் கட்டிலுக்கும் அடங்காத கால்கள். பேயாண்டி தன் துண்டை எடுத்து அவற்றை மூடினான். மலையம்மாள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, பரிசலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

அக்கரையில் வெற்றிலைக் கட்டோடு ஒருவன் வந்து நின்றான். வேற்றூர்க்காரன், செய்தி தெரியாது. கைகளைக் குவித்து, "மருதண்ணே!" என்று கூவினான்.



கவிழ்ந்து கிடந்த பரிசலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவன் கட்டை மறுபடி தலைக்கு ஏற்றிக்கொண்டு வந்த வழியே நடந்தான்.