நன்றியுடன் விலகுகிறேன்

ராஜினாமாக் கடிதத்தை, என்னோடு வேலை பார்த்த ஆர்லிஸ்தான் எழுதினாள். அதிலிருந்த சர்க்கரையெல்லாம் நான் போட்டது. 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன். உங்களோடு பதினான்கு வருடம் வேலை பார்த்தது என் பாக்கியம்.' அமெரிக்காவின் வடக்கிலிருக்கும் எங்கள் டலூத் நகரில் வேலையை விடுகிறவர்கள் அப்படித்தான் எழுதுவோம். இரண்டு வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும், கடைசி நாளில் கேக் கொண்டுபோக வேண்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் வாயை மூடிக்கொண்ட பிள்ளைக்குத்தான் நல்ல பெயர். ஆர்லிஸ் கொண்டுபோன எலுமிச்சைக் கேக்கில் சூப்பர்வைசர் டேரல் இரண்டு துண்டு தின்றான்.

உண்மைக் காரணம் அவள் முழங்கையில் இருந்தது. ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கும் சலவை ஆலையில், இஸ்திரி போடும் சூடான உருளைக்குள் விரிப்பைக் கொடுப்பது எங்கள் இருவருக்கும் வேலை. கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி ஜூலையில் கழன்றது. அதை யாரும் திரும்ப மாட்டவில்லை. ஆர்லிஸை இரண்டு தடவை சுட்டது, இரண்டாவது தடவை தோலே உரிந்துவிட்டது. அதன்பிறகுதான் விலகினாள்.

வேலையில்லாதவர்களுக்கு அரசு கொடுக்கும் பணத்துக்கு மனுப் போட்டாள். சொந்தக் காரணத்துக்காகத் தானே விலகியவருக்குக் கிடையாது என்று பதில் வந்தது. அவளுக்கு வயது அறுபத்தொன்று, புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருடம். அந்தப் பணம் இல்லையென்றால் குளிர்காலத்துக்கு முன்பே வீட்டை விற்றுவிட்டு, அரிசோனாவில் மகள் வீட்டு சோபாவில் போய்ப் படுக்க வேண்டியதுதான். மேல்முறையீட்டுப் படிவத்தை நானே நிரப்பி, சாட்சி என்ற இடத்தில் என் பெயரையும் போட்டேன். பெரிய வீராங்கனை என்று நினைப்பு.

விசாரணை போனில் நடந்தது. ஆர்லிஸின் சமையலறை மேசையில் போனை வைத்து, இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். நீதிபதி ஒரு பெண். முதலில் அந்தக் கடிதத்தை வரி விடாமல் படித்தார். நான் எழுதித் தந்த 'பாக்கியம்' வந்தபோது எனக்குக் காது சுட்டது. தப்பு முதலாளி பக்கம் இருக்க வேண்டும், விலகுவதற்கு முன் அதைச் சொல்லிச் சரிசெய்ய அவகாசமும் கொடுத்திருக்க வேண்டும், அதுதான் சட்டம் என்று விளக்கினார். சொன்னீர்களா என்று ஆர்லிஸைக் கேட்டார்.

"சொன்னேன். அந்த உருளை கொஞ்சம் சூடா இருக்குன்னு சொன்னேன்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தோல் உரிந்தவள் பேசுகிற பேச்சா இது?

அடுத்து, ஆலையின் சார்பில் லைனில் இருந்த டேரல் பேசினான். அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் வினை.

"அவங்க சொன்னதும் நான் சும்மா இருக்கலீங்க. கூட நிக்கிற மாவிஸ்கிட்டயும் கேட்டேன். ஒரு பிரச்சினையும் இல்ல, நல்லாத்தான் ஓடுதுன்னாங்க. அதான் விட்டுட்டேன்."

மாவிஸ் நான்தான். ஆர்லிஸ் என்னைப் பார்த்தாள். மறந்துவிட்டேன் என்று சொல்லத் தோன்றியது. மறக்கவில்லை. காபிக் கோப்பையும் கையுமாக வந்து அவன் கேட்டது, நான் சிரித்தது, எல்லாம் நினைவிருந்தது.

நீதிபதி என்னைக் கூப்பிட்டார்.

"அவர் சொல்றது நிஜம். அப்படித்தான் சொன்னேன்," என்றேன். "ஆனா நான் சொன்னது பொய். என்னையும்தான் சுட்டுச்சு. சட்டைக் கையை இழுத்துவிட்டு மறைச்சுக்கிட்டேன்."

ஏன் என்று கேட்டார்.

"அது டேரல் ஷிப்ட் பட்டியல் போடுற வாரம்மா. எனக்குக் காலை ஷிப்ட் வேணும்னு இருந்துச்சு."

கம்பி கழன்றிருந்தது தெரியுமா என்று நீதிபதி டேரலைக் கேட்டார். தெரியும் என்றான், மெதுவாக. மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் அவன் முகத்தில் விழிக்க வேண்டும். விழித்தேன். அவன் அடுத்த பட்டியலில் எனக்கு ராத்திரி ஷிப்ட் போட்டிருந்தான்.

பத்து நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஆர்லிஸ் போன் செய்து முழுவதையும் படித்தாள். கம்பி இல்லை என்பது தெரிந்திருந்தும் மாட்டாதது ஆலையின் தப்பு, பணம் உண்டு. என் சாட்சியம் நம்பத்தக்கது என்று ஒரு வரி இருந்தது. அப்பாடா என்றேன், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இனி வீட்டை விற்க வேண்டாம், போதுமா, சந்தோஷமா என்று கேட்டேன்.

அவள் காகிதத்தை மடிக்கும் சத்தம் கேட்டது.

"பணம் வரும், மாவிஸ். ஆனா அன்னைக்கே நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கம்பிய மாட்டியிருப்பான். நான் இன்னும் வேலையிலயே இருந்திருப்பேன்."

ஆமாம் என்றேன்.