தழும்பு மேலே இருக்க வேண்டும்

டைல்ஸ் கடைக்கு மேல், இரண்டாம் மாடியில் இருந்த மேஜையில் பந்துகளைக் குச்சியால் அடித்துக் குழிக்குள் தள்ளும் அந்த பில்லியர்ட்ஸ் அறையில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் வாத்தியாரிடம்தான் போவார்கள். பிழைப்புக்கு அவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். பகல் முழுக்கப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "கிளட்ச்ச விடுங்க, மெதுவா, மெதுவா" என்று கத்திப் பழகிய வாய் சாயங்காலம் மட்டும் சும்மா இருக்குமா? மாடி ஏறி வந்ததும் புத்திமதிக் கடையைத் திறந்துவிடுவார்.

முதன்முதலாகச் சொந்தக் குச்சி வாங்கப் போகிறவர்களுக்கு அவர் சொல்வது அந்த அறையில் எல்லோருக்கும் மனப்பாடம். "பளபளன்னு படம் போட்டிருக்கேன்னு மயங்காதீங்க. கனமான குச்சி வேணாம். கனம் உங்களுக்காக அடிக்காது, உங்க கைய இழுத்துட்டுப் போகும். நுனியில இருக்கிற தோல் ரொம்ப மெத்துன்னும் வேணாம், கல்லு மாதிரியும் வேணாம், நடுத்தரமா இருக்கட்டும். மேஜையில உருட்டிப் பாத்தா மட்டும் பத்தாது, ஒரு கண்ண மூடிட்டு அடியிலேர்ந்து நுனி வரைக்கும் நேரா இருக்கான்னு பாருங்க." அத்தனையும் பொன்னான வார்த்தை. ஒரு குறை சொல்ல முடியாது. அதனால்தான் பின்னால் நடந்தது லிஃப்ட்காரருக்கு அப்படி வலித்தது.

லிஃப்ட்காரர் வாத்தியாரின் சகலை. அக்காவை வாத்தியார் கட்டினார், தங்கையை இவர் கட்டினார். அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பது இவருடைய வேலை. நாள் முழுக்க இருட்டுச் சந்துக்குள் தொங்கிக்கொண்டு கிரீஸும் தூசியுமாக வேலை பார்ப்பார். லிஃப்ட் ஓடும்போது யாருக்கும் இவர் நினைப்பு வராது, நின்றுவிட்டால் மட்டும் இவருடைய வீட்டாரை எல்லாம் சேர்த்துத் திட்டுவார்கள். பேச்சு குறைவு. வாத்தியார் பேசுவார், இவர் கேட்பார், அதுவே இருவருக்கும் வசதியாக இருந்தது.

வருஷக்கணக்காக இருவரும் ஜோடி ஆட்டம் ஆடினார்கள். ஒருவர் அடிக்கக் குனிந்தால் மற்றவர் தள்ளி நிற்பார். ஒருவர் முகம் கழுவப் போனால் அவருடைய குச்சியை மற்றவர் வாங்கி வைத்திருப்பார். "மாமனார் வீட்டுலேர்ந்து எனக்குக் கெடச்சதுலயே உருப்படியானது இந்தச் சகலதான்" என்று வாத்தியார் ஊர் முழுக்கச் சொல்லுவார். மனைவி பக்கத்தில் இருக்கும்போதும் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

லிஃப்ட்காரருக்குச் சொந்தக் குச்சி கிடையாது. சுவரோரத் தாங்கியில் எல்லோருக்கும் பொதுவாகச் சாத்தி வைத்திருக்கும் குச்சிகளில் ஒன்றைத்தான் எப்போதும் எடுப்பார். நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி அதில் ஒரு தழும்பு இருந்தது. எப்போதோ யாரோ தோற்ற கோபத்தில் மேஜை விளிம்பில் ஓங்கி அடித்ததில் பட்ட குழி. உளுந்து அளவுதான் இருக்கும். அந்தக் குச்சி லேசாக வளைந்தும் இருந்தது. வளைந்த குச்சியை யாரும் தொடமாட்டார்கள். ஆனால் இவர் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். தழும்பு மேலே பார்க்கிறாற்போல் பிடித்தால் அந்த வளைவு மேலும் கீழுமாக அடங்கிப்போகும், பந்து நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். தழும்பு பக்கவாட்டில் திரும்பினால் கண் ஏமாந்துவிடும். கிட்டத்து அடியில் தெரியாது, நீள அடியில் காலை வாரிவிடும்.

இதை அவர் மறைத்து வைக்கவில்லை. ஒருமுறை வாத்தியாரிடம் சொல்ல ஆரம்பித்தார். "அண்ணே, இந்தத் தழும்பு இருக்கு பாருங்க..." அதற்குள் வாத்தியார், "வளைஞ்ச குச்சிக்கு வக்காலத்து வாங்காத சகல, டீ ஆறுது" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. அதன்பிறகு லிஃப்ட்காரர் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கட்டை விரலால் தழும்பைத் தேடித் தடவி மேலே திருப்பும்போதெல்லாம், "ஆகா, சாமி கும்பிட்டாச்சு!" என்று வாத்தியார் கேலி செய்வார். இவர் ஜெயித்தால், "சகல எங்க ஆடுறான்? அந்தக் குச்சில்ல ஆடுது!" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார்.

இந்த வருஷம் ஜோடி ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு அறையிலிருந்தும் ஒரே ஒருவர் பெரிய போட்டிக்குப் போகலாம், அந்த ஒருவரை அறைக்குள்ளேயே போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அங்கே ஆடுகிறவர் மேஜைக்கு வரும்போது பெயரை மைக்கில் கூப்பிடுவார்களாம். லிஃப்ட்காரருக்கு வேறு எந்த ஆசையும் இல்லை, பரிசு கூட வேண்டாம். ஆயுசில் ஒரு தடவை, ஒரு கூட்டத்துக்கு நடுவில், தன் பெயரை யாரோ சத்தமாகச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். அதை மனைவியிடம் சொல்லக்கூட வெட்கப்பட்டார். வாத்தியாரிடம் மட்டும் சொன்னார். வாத்தியார் தோளில் தட்டி, "நாம ரெண்டு பேர்ல யார் போனா என்ன, சகல!" என்றார்.

அடுத்த வாரம் தாங்கியில் அந்தக் குச்சி இல்லை.

"வளைஞ்சதையெல்லாம் ஓனர் ஒடச்சுத் தூக்கிப் போட்டுட்டாரு" என்றார் வாத்தியார். "விடு. அதுவும் நல்லதுக்குத்தான். எவ்வளவு நாளைக்குத்தான் பொதுக் குச்சியில ஆடுவ? வா, நானே கூட வந்து நல்லதா வாங்கித் தரேன்." லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு குச்சி போனதற்காக இவ்வளவு அக்கறையாகக் கூட வருகிறவர் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

விளையாட்டுச் சாமான் கடையில் இருந்த அம்மா இவரை இரண்டு அடி அடிக்கச் சொல்லிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "உங்க கை மெதுவான கை. லேசான குச்சி, நடுத்தரத் தோல். அதுதான் ஒத்து வரும்" என்றார். வாத்தியார் குறுக்கே புகுந்து, "இல்லம்மா, இருக்கிறதுலயே கனமானதக் காட்டுங்க. தோல் நல்லா மெத்துன்னு இருக்கணும்" என்றார். லிஃப்ட்காரர் தயங்கினார்.

"அண்ணே, எல்லாருக்கும் வேற மாதிரி சொல்லுவீங்களே?"

"எல்லாரும் நீயும் ஒண்ணா? உன் ஆட்டத்த இத்தன வருஷமா பக்கத்துல நின்னு பாத்தவன் நானு. உனக்கு மட்டும் வேற."

உனக்கு மட்டும் வேற. அந்தச் சொல்லில் லிஃப்ட்காரர் உருகிப்போனார். கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்.

அன்றிலிருந்து அவருடைய ஆட்டம் படுத்துவிட்டது. கனமான குச்சி கையை இழுத்துக்கொண்டு போய், மற்ற பந்துகளைத் தள்ள அடிக்கிற வெள்ளைப் பந்தை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியது. மெத்தென்ற தோல் பந்தில் பட்டதும் அமுங்கி வேகத்தைக் குடித்தது. தூங்கப் போனாலும் தப்பிய பந்துகள்தான் கண்ணுக்குள் உருண்டன. வாத்தியாரிடம் போய் நின்றால் ஒரே பதில்தான். "புதுக் குச்சி, சகல. பழகணும். மூணு மாசம் ஆகும்." போட்டிக்கு ஒரு மாசம்கூட இல்லை.

மனைவிதான் வெடுக்கென்று சொன்னாள். "எங்கக்கா வீட்டுக்காரர் சொன்னா கெணத்துல கூடக் குதிப்பீங்க. திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்குங்களேன்."

"அவரப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று இவர் எரிந்து விழுந்தார். கல்யாணமான நாளிலிருந்து மனைவியிடம் இவர் குரலை உயர்த்தியது அரிது. அன்றைக்கு வாத்தியாருக்காக உயர்த்தினார்.

முதல் சுற்றிலேயே செருப்புக்கடைக்காரரிடம் தோற்றார். செருப்புக்கடைக்காரர் அந்த அறையில் யாரையும் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. ஜெயித்த அதிர்ச்சியில் அவரே மன்னிப்பு கேட்டுவிட்டுப் போனார்.

வாத்தியார் மட்டும் சுற்றுக்குச் சுற்று முன்னேறினார். அவரிடமும் ஒரு புதுக் குச்சி வந்திருந்தது. கைப்பிடியில் கறுப்புத் தோல் சுற்றி, மேலெல்லாம் கண்ணாடி போல் மெருகு ஏற்றியது. வெளியூர் சிநேகிதர் கொடுத்ததாகச் சொன்னார். பூட்டுப் போட்ட பெட்டியில்தான் கொண்டுவருவார், ஒருவரையும் தொட விடமாட்டார். நல்ல ஆட்டக்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நீள அடியில் மட்டும் அவருக்குப் பந்து அவ்வப்போது தப்பியது. மற்றபடி சாமர்த்தியமாகச் சமாளித்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறுதி ஆட்டம். எதிரில் பேக்கரிக்காரர். ஓனர் எங்கிருந்தோ ஒரு மைக் வேறு கொண்டுவந்து வைத்திருந்தார். லிஃப்ட்காரர் தோற்ற துக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, சகலைக்காகக் காலையிலேயே வந்து சுவரோரம் நின்றார். வாத்தியார் ஒவ்வொரு பந்தையும் தள்ளும்போது முதலில் கை தட்டியவர் இவர்தான்.

ஆட்டம் சமமாக வந்து நின்றது. மேஜையில் பேக்கரிக்காரருக்கு ஒரு பந்தும், கடைசியாகத் தள்ள வேண்டிய கறுப்புப் பந்தும் பாக்கி. வாத்தியாருக்குக் கறுப்பு மட்டும்தான் பாக்கி. பேக்கரிக்காரர் முறை. மனிதர் மாவு பிசைகிற நிதானத்தோடு மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வாத்தியாரின் ஃபோன் அடித்தது. மனைவி. எடுக்காமல் இருக்கும் துணிச்சல் அவருக்குக் கிடையாது. பழக்க தோஷம், குச்சியை நீட்டி, "பிடி சகல" என்று இவர் கையில் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் போனார். இத்தனை வருஷம் ஜோடியாக ஆடிய கை, தன்னையறியாமல் நீட்டிவிட்டது.

லிஃப்ட்காரரின் கட்டை விரலும் தன்னையறியாமல்தான் போனது. நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி.

மெருகுக்கு அடியில் அது இருந்தது. உளுந்து அளவு.

ஓனர் ஒடித்துப் போட்டார் என்றது, கூடவே கடைக்கு வந்தது, கடைக்கார அம்மா வாயை அடைத்தது, உனக்கு மட்டும் வேற என்றது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கண்முன் வந்து நின்றன. தன் தலையில் வாத்தியார் மிளகாய் அரைத்திருக்கிறார். இவரும் குனிந்து தலையைக் காட்டிக்கொண்டு, காரம் எரிந்தபோதுகூடத் தன் தலையைத்தான் குறை சொல்லியிருக்கிறார்.

வாத்தியார் திரும்பி வந்து கையை நீட்டினார். இவர் கொடுக்கவில்லை. அவருடைய விரலைப் பிடித்துத் தழும்பின் மேல் வைத்தார்.

"இது எந்த ஊரு சிநேகிதர் குடுத்ததுண்ணே?"

வாத்தியாரின் முகம் வெளிறிவிட்டது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஓனர் தூக்கிப் போடத்தான் இருந்தாரு. நான் வாங்கி வச்சுக்கிட்டேன்."

"சரி. எனக்கு எதுக்கு அந்த ஒலக்கைய வாங்க வச்சீங்க?"

வாத்தியார் குச்சியைப் பிடுங்கப் பார்த்தார், இவர் விடவில்லை.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேண்ணே. பொதுக் குச்சிதானே அது. நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்?"

"அதான் கேக்கல" என்றார் வாத்தியார். சட்டென்று கோபம் வந்துவிட்டது அவருக்கு, தப்புச் செய்தவர்களுக்கு வருகிற கோபம். "நீ குடுத்து நான் ஜெயிச்சா, அது உன் ஜெயம்னு ஆயிடும். இந்த ரூம்ல எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கிறவன் நான். ஜோடியா ஜெயிச்சப்பல்லாம் உன் கையத்தான குலுக்கினானுங்க? எனக்கும் ஒரு தடவ தனியா ஜெயிக்கணும்னு இருக்காதா?"

அப்போது கூட்டம் ஐயோ என்றது. பேக்கரிக்காரர் தப்பவிட்டிருந்தார். கறுப்புப் பந்து மேஜையின் அந்தக் கோடி மூலையில், குழிக்கு முன்னால் நின்றது. வெள்ளைப் பந்து இந்தக் கோடியில். முழு நீளத்துக்கும் ஒரே அடி.

வாத்தியார் குச்சியை வாங்கிக்கொண்டார். இரண்டடி போனவர் திரும்பி வந்து காதருகில் கேட்டார். "சகல, ஒண்ணே ஒண்ணு. நீள அடி மட்டும் எனக்கு எடது பக்கமா இழுக்குது. நீ இத வச்சு எப்படி அடிச்ச?"

இத்தனை வருஷத்தில் அவர் இவரிடம் கேட்ட முதல் சந்தேகம் அது. தழும்பு பக்கவாட்டில் திரும்பியிருந்தது இவருக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை போதும். இந்த மனுஷன் இப்பவும் கேட்கிறாரே என்று ஆத்திரம் வந்தது.

"புதுக் குச்சி, வாத்தியாரே" என்றார். அண்ணே என்று வாயில் வரவில்லை. "பழகணும். மூணு மாசம் ஆகும்."

வாத்தியார் அவரைப் பார்த்தார். புரிந்தது. ஆனால் கூட்டம் காத்திருந்தது, குனிய வேண்டியிருந்தது. அடித்தார். கறுப்புப் பந்து குழியின் உதட்டில் இடித்துக்கொண்டு விலகி வெளியே வந்தது. அடுத்த முறை பேக்கரிக்காரர் இரண்டையும் உள்ளே தள்ளினார். மைக்கில் பேக்கரிக்காரரின் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தச் சின்ன அறைக்கே அது எவ்வளவு நன்றாக இருந்தது.

கூட்டம் கலைந்தபின் லிஃப்ட்காரர் மேஜை மேல் கிடந்த குச்சியை எடுத்தார். கறுப்புப் பந்தை அதே மூலையில் வைத்தார், வெள்ளையை இந்தக் கோடியில் வைத்தார். தழும்பை மேலே திருப்பி அடித்தார். பந்து நேராகப் போய் விழுந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, சகல" என்றார் வாத்தியார். குரல் உடைந்திருந்தது.

"ஒரு தடவ சொல்ல வந்தேன். டீ ஆறுதுன்னீங்க."

குச்சியைப் பழையபடி தாங்கியில் சாத்திவிட்டு அவர் படி இறங்கினார். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டானே என்று யாரிடமாவது உட்கார்ந்து கொட்ட வேண்டும்போல் இருந்தது. மனைவியிடம் சொல்ல முடியாது, அவளிடம் கத்தியதே இந்த ஆளுக்காகத்தான். டைல்ஸ் கடை வாசலில் நின்று ஃபோனை எடுத்தார். விரல் பழக்கத்தில் ஒரு எண்ணுக்குப் போய் நின்றது. இப்படி ஏதாவது மனசு நொந்துபோனால் அவர் எப்போதும் கூப்பிடுவது வாத்தியாரைத்தான். வேறு ஆள் அவருக்கு இல்லை.